நண்பருக்குக் கடிதம்: பி1 ஜெர்மன் பற்றி

அன்பு நண்பருக்கு,

வணக்கம். ஹாம்பர்க்கில் பேத்தி பிறந்த செய்தியறிந்து வீட்டில் அனைவரும் மகிழ்ந்தோம். ஜெர்மன் மொழியில் தொடக்கநிலையான ஏ2வை முடித்துவிட்டு, இலக்கணத்துக்கு அஞ்சி அடுத்த நிலையான பி1 வகுப்பில் சேரத் தயங்குவதாக எழுதியிருந்தீர்கள். அவ்வகுப்பில் இப்போது படித்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் அச்சம் தவறான இடத்தில் இருக்கிறது.

துணைவாக்கியம் நமக்குப் புதிதன்று. 'வைல்' (ஏனெனில்), 'டாஸ்' (என்று), 'ஓப்வோல்' (ஆனபோதிலும்) முதலிய இணைப்புச்சொற்கள் வந்தால் வினைமுற்று கடைசிக்குப் போய்விடும். 'வைல் இஷ் ஹொய்டெ இன் டீ ஷ்டாட் ஃபாரெ' என்பதில், நான், இன்று, நகரத்துக்கு, போகிறேன் என்று எல்லாம் நாம் பேசும் வரிசையிலேயே நிற்கின்றன. செய்தித்தாள் நடையில் 'நேற்று வாங்கிய மேலங்கி' என்பதைக்கூட நம் பெயரெச்சம் போலவே பெயருக்கு முன்னால் வைத்து எழுதுகிறார்கள். தலைமைவாக்கியத்தில் வினையை இரண்டாம் இடத்தில் நிறுத்துவதுதான் நம் நாக்குக்குச் சிரமம்.

உண்மையான உழைப்பு வேற்றுமையிலும் அடைமொழி விகுதியிலும் தேவைப்படுகிறது. 'இன்' (உள்ளே), 'அவ்ஃப்' (மேலே), 'உன்டர்' (கீழே) உள்ளிட்ட, பெயருக்கு முன் வரும் 9 முன்னிடைச்சொற்கள், ஓரிடத்துக்குப் போவதைச் சொன்னால் இரண்டாம் வேற்றுமையின் வடிவத்தையும், அங்கே இருப்பதைச் சொன்னால் 'டாட்டிவ்' என்னும் வேற்றுமையின் வடிவத்தையும் ஏற்கும். சமையலறைக்குப் போனால் 'இன் டீ க்யூஷெ', அங்கேயே நின்றால் 'இன் டேர் க்யூஷெ'. பொருள் வேறுபாடு நமக்கு உடனே விளங்கிவிடும். ஆனால் ஆண்பாலுக்கு உரியதென்று முதல் பாடத்தில் படித்த 'டேர்', 'க்யூஷெ' என்னும் பெண்பாற்சொல்லின் முன் வந்து நிற்கும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. பழைய நண்பர் எழுவாயாக வந்தால் 'ஐன் ஆல்டெர் ஃப்ரொய்ன்ட்'. அவரைப் பார்த்தால் 'ஐனென் ஆல்டென்'. அவருடன் சென்றால் 'மிட் ஐனெம் ஆல்டென்'. இதற்கான அட்டவணையை மனப்பாடம் செய்வது வீண்வேலை என்பது என் கருத்து. முழுத்தொடராகவே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். 'டாட்டிவ்' வடிவில் 'டேர்', 'ஐனெம்' போன்ற சுட்டுச்சொல்லுக்குப் பின் வரும் அடைமொழி எப்போதும் 'என்' என்றே முடியும் என்ற ஒரு விதியை மட்டும் நினைவில் வைத்தால் பாதிச் சுமை குறையும்.

'ஹேட்டெ', 'வேரெ', 'வ்யூர்டெ' என்னும் பணிவு வடிவங்களைக் கடைத்தெருவிலேயே கற்றுக்கொள்ளலாம். ஜெர்மன் மொழி கற்பிக்கும் கோதே நிறுவனத்தின் பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றிலும் 100க்கு 60 எடுத்தால் போதும். ஒரு பகுதி தவறினால் அதை மட்டும் மீண்டும் எழுதலாம். ஆகவே ஹாம்பர்க்குக்குப் புறப்படுமுன் வகுப்பில் சேர்ந்துவிடுங்கள். அடுத்த கடிதத்தில் ஒரு பத்தியையாவது ஜெர்மனில் எழுதியனுப்பினால், விகுதிகளைப் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய அறைத்தோழன்