நாறுவது தொட்டியல்ல, ஈரம்

ஆசிரியருக்கு,

வீட்டுக் குப்பையைப் பிரித்துத் தருவது பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே இதைக் கட்டாயமாக்கிவிட்டன. ஆனால் மக்கும் குப்பையை வீட்டிலேயே உரமாக்கத் தொடங்கும் பலர், பத்தே நாளில் புழுவையும் நாற்றத்தையும் பார்த்துக் கைவிடுகிறார்கள். காரணம் ஈரம். ஒரு பங்கு காய்கறித் தோலுக்கு இரு பங்கு காய்ந்த சருகோ தென்னைநார்க் கழிவோ சேர்த்து, மூன்று நாளுக்கொருமுறை கிளற வேண்டும். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரியலாம், சொட்டக் கூடாது. பக்கெட்டின் அடியிலும் பக்கவாட்டிலும் துளை அவசியம். மீந்த சாம்பாரை வடிக்காமல் கொட்டினால் எந்தத் தொட்டியும் நாறத்தான் செய்யும்.

உள்ளாட்சிகள் இலவசத் தொட்டி கொடுப்பதைவிட, பூங்காக்களில் கூட்டிக் கொளுத்தும் சருகை மூட்டை கட்டி வார்டு அலுவலகத்தில் வழங்கலாம்.

– வாசகர், மதுரை