பிரீமியம் டீசல் கலந்ததாகச் சொல்லி வாரண்டி மறுப்பு: புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு

ஐயா / அம்மா,

வணக்கம். நான் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து பாலக்காட்டுக்குக் காய்கறி லோடு அடிப்பவன். உங்கள் கம்பெனி லோடு வண்டி வாங்கி 18 மாதம் ஆகிறது. அது 23 நாளாகத் திண்டுக்கல் சர்வீஸ் சென்டரில் நிற்கிறது. டோல்ஃப்ரீ நம்பரில் ஆறு தடவை பேசிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவர் எடுத்து, வண்டி நம்பரிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறார். இனிப் பேச எனக்குத் தெம்பு இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு ராத்திரி பொள்ளாச்சி பங்க்கில் சாதா டீசல் தீர்ந்துவிட்டது. அரை டேங்க் சாதா டீசல் இருந்தது, அதன் மேல் 20 லிட்டர் பிரீமியம் அடித்தேன். அதற்கப்புறம் நாலு தடவை சாதா டீசலே அடித்து ஓட்டியாயிற்று. இரண்டு வாரம் கழித்து, தக்காளி லோடோடு கோபாலபுரம் போகும் வழியில் இன்ஜின் லைட் எரிந்தது, வண்டி இழுக்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வேறு வண்டி பிடித்து லோடு மாற்றினேன். இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் போய்விட்டதாம், 68,400 ரூபாய் ஆகுமாம். "இரண்டு டீசலைக் கலந்தீங்க, வாரண்டி கிடையாது" என்கிறார்கள்.

உங்கள் வண்டியைப் பற்றி உங்களுக்கே தெரியாதா? 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க விற்பது பிஎஸ்-6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டுத் தரத்துக்கான டீசல்தான். சாதாவானாலும் பிரீமியமானாலும் கந்தகம் 10 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சம் பங்கில் 10 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. பிரீமியம் என்பது அதே டீசலில் இன்ஜெக்டரைச் சுத்தமாக வைக்கும் மருந்தும், சில கம்பெனிகளில் சீட்டேன், அதாவது டீசல் சீக்கிரம் பற்றும் தன்மையைக் கூட்டும் மருந்தும் சேர்த்தது. அதற்குத்தான் லிட்டருக்குக் கூடுதலாக வாங்குகிறார்கள். இன்ஜெக்டரைச் சுத்தம் செய்கிற டீசல் இன்ஜெக்டரைக் கெடுத்தது என்றால் யார் நம்புவது? நீங்கள் கொடுத்த புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். பிஎஸ்-6 டீசல் போடச் சொல்லியிருக்கிறது. பிரீமியம் கலக்காதே என்று ஒரு வரி இல்லை.

இதைத்தான் சர்வீஸ் அட்வைசரிடம் கேட்டேன். அவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், "லாரி ஓட்டுறவனுக்கு இதெல்லாம் புரியாது, அங்க போய் உக்காரு" என்றார். என் மகன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். எனக்கு 52 வயது. பணத்தைக்கூட மறந்துவிடுவேன், அந்த 'உக்காரு' என்ற சொல்லை மறக்க மாட்டேன்.

முகூர்த்த நாளன்று, வாடகை வண்டி கிடைக்காத நாளில், "வாங்க, மேனேஜர் பேசுவார்" என்று கூப்பிட்டதும் அதே ஆள்தான். காலை 9 மணிக்குப் போய் 4 மணி வரை உட்கார்ந்தேன். மேனேஜர் லீவு என்று கடைசியில் வாட்ச்மேன்தான் சொன்னார்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அங்கே வேலை பார்க்கும் மெக்கானிக் பையன் ஃபில்டரிலிருந்து டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினான். தெளிவாக இருந்தது. அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, தூசு இல்லை. ஜாப் கார்டில் மட்டும் 'கலப்பட எரிபொருள்' என்று எழுதியிருக்கிறார்கள். லேப் பரிசோதனை ஏதும் செய்யாமல் எப்படி எழுதினார்கள்?

தவணை நிற்கவில்லை, ஓட்டம்தான் நின்றுவிட்டது. பாலக்காட்டு வியாபாரிகள் வேறு வண்டிக்குப் போய்விட்டார்கள். 15 வருடமாகச் சேர்த்த பெயர் போயிற்று. நஷ்டம் 2 லட்சத்துக்குக் குறையாது, என் தொழிலே போயிற்று என்றுதான் சொல்வேன்.

தயவுசெய்து இன்ஜெக்டரை வாரண்டியில் மாற்றி வண்டியைக் கொடுங்கள். முடியாது என்றால், புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் தடை இருக்கிறது என்பதையும் டீசல் பரிசோதனை முடிவையும் கையெழுத்தோடு எழுதிக் கொடுங்கள். அந்த அட்வைசர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

15 நாள் பொறுப்பேன். அதற்கப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டு, திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். வணிக வண்டி என்று தட்டிக்கழிக்கப் பார்க்காதீர்கள். சொந்தப் பிழைப்புக்கு நானே ஓட்டும் வண்டி இது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. அந்த நிலைக்கு என்னைத் தள்ள வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

ஜாப் கார்டு, டீசல் பில்கள், பாட்டில் போட்டோ இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வண்டியை நம்பி வாங்கியவன்,
ஒட்டன்சத்திரம்