ஒத்திகைக்கும் ஓர் அறை: குடியிருப்பு வளாக நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

குடியிருப்பு வளாகங்களை நிர்வகிக்கும் வாரியங்களுக்கும் குடியிருப்போர் சங்கங்களுக்கும் வணக்கம்.

ஆண்டு விழா நெருங்கும்போது, என்னைப் போன்ற நாடகப் பயிற்றுநர்களை அழைத்து, தூய்மை பற்றியோ போதைப் பழக்கம் பற்றியோ வளாகத்து இளைஞர்களைக் கொண்டு சிறு நாடகம் ஒன்றைப் போட்டுத் தருமாறு கேட்கிறீர்கள். அழைப்புக்கு நன்றி. ஆனால், கருப்பொருளை நீங்கள் முடிவு செய்ய, வசனத்தை நாங்கள் எழுத, ஒப்பிப்பதை மட்டும் இளைஞர்களுக்கு விட்டுவைக்கும் இந்த வழக்கத்தைச் சமூக நாடகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அறிவிப்புப் பலகைக்குக் கைகால் முளைத்தால் அது நாடகம் ஆகிவிடாது.

இளைஞர்களே கருவைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் சில வாரங்களில் உருப்படியாக எதுவும் நடப்பதில்லை. விளையாட்டு, கேலி, பாதியில் எழுந்து போவது என்றே நேரம் கழியும். பிறகு ஒரு நாள், விளக்கெரியாத மாடிப்படியைப் பற்றி ஒருத்தி பேசத் தொடங்குவாள். முகவரியைச் சொன்னதும் வேலை கொடுப்பவரின் முகம் மாறியதை ஒருவன் நடித்துக் காட்டுவான். நாடகம் அங்கேதான் தொடங்குகிறது. அந்த நாள் வரும்வரை காத்திருக்க அவர்களுக்கு ஓர் அறை தேவை.

பிரேசில் நாட்டு நாடகக் கலைஞர் அகஸ்டோ போவால் உருவாக்கிய ‘ஃபோரம் தியேட்டர்’ முறை இத்தகைய இடங்களுக்கு மிகவும் பொருந்தும். சிக்கல் தீராமலே முடியும் ஒரு காட்சியை முதலில் நடித்துக் காட்டிவிட்டு, அதையே மறுபடியும் தொடங்குவார்கள். பார்ப்பவர்களில் யாரும் ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லி மேடையேறி, பாதிக்கப்பட்டவரின் இடத்தில் நின்று வேறு வழியை முயன்று பார்க்கலாம். போவால் 1993 முதல் 1996 வரை ரியோ டி ஜெனீரோ நகர மன்ற உறுப்பினராக இருந்தபோது, இப்படி மக்கள் நடித்துப் பார்த்த யோசனைகளிலிருந்து 13 சட்டங்கள் உருவாயின. மேடையில் எழுந்த கேள்வியைக் கேட்டுக்கொள்ள அதிகாரத்தில் ஒருவர் இருந்ததால்தான் அது கைகூடியது.

நான் பணியாற்றிய ஒரு வளாகத்தில், பழுதான மின்தூக்கியைப் பற்றிய காட்சியை நீக்கினால்தான் அரங்கு கிடைக்கும் என்று விழாவுக்கு இரண்டு நாள் முன்பு சொல்லப்பட்டது. இளைஞர்கள் நீக்கினார்கள், நாடகமும் நடந்தது, கைதட்டலும் கிடைத்தது. அடுத்த ஒத்திகைக்குப் பாதிப் பேர் வரவில்லை. நானும் அப்போது வற்புறுத்தி எதிர்க்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

எல்லாவற்றையும் மேடையேற்றிவிட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. மற்ற அரங்குகளில் பார்வையாளர்கள் கலைந்து போய்விடுவார்கள். இங்கே பார்ப்பவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். தன் வீட்டுச் சண்டையை அப்படியே நடித்துக் காட்டிய சிறுமி மறுநாள் காலையில் அதே படிக்கட்டில்தான் இறங்கி வர வேண்டும். ஆகவே, பலரது அனுபவங்களைக் கலந்து கற்பனைப் பாத்திரங்களாக மாற்றுவதும், வேண்டாம் என்று எந்த நேரத்திலும் சொல்ல இடம் கொடுப்பதும் பயிற்றுநரின் கடமை. அதற்கும் காலம் பிடிக்கும். மூன்று வாரத்தில் முடிக்கச் சொன்னால் முதலில் கைவிடப்படுவது இந்தக் கவனம்தான்.

தம்மைப் பாதிக்கும் விவகாரங்களில் கருத்துச் சொல்லும் உரிமையையும் (பிரிவு 12), கலை வாழ்வில் பங்கேற்கும் உரிமையையும் (பிரிவு 31), பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை வழங்குகிறது. எனவே, நான் கேட்பது சலுகையன்று. வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே அறையை, ஆறு மாதங்களுக்காவது ஒதுக்குங்கள். தம்பி தங்கையைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்புள்ளவர்கள் அவர்களையும் அழைத்து வர அனுமதியுங்கள். இல்லாவிட்டால் பெண்பிள்ளைகளே முதலில் நின்றுவிடுகிறார்கள். நாடகம் நடக்கும் நாளில், பழுதுபார்க்கவும் செலவை ஒப்புக்கொள்ளவும் அதிகாரம் உள்ள ஒருவரை, பொன்னாடை எதுவும் இல்லாமல், பார்வையாளர்களோடு உட்காரச் சொல்லுங்கள்.

அடுத்த அழைப்பை அனுப்பும்போது, கருப்பொருள் என்ற இடத்தை மட்டும் நிரப்பாமல் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நாடகப் பயிற்றுநர்