கொக்கின் தலைக்கு மேல் ஒரு தலைப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ஜப்பானியப் பறவைப் படங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நம் பத்திரிகைகளில் அதிகம் வராத விஷயம், எழுதியவருக்கு நன்றி. ஆனால் கூடவே வந்த படத்தைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. ஜப்பானியக் கலைஞர் ஓஹாரா கோசோனின் வெண்கொக்கு, பனியில் நிற்கிறது. அதன் தலைக்கு மேலிருந்த சாம்பல் வானத்தைப் பாதி வெட்டிவிட்டீர்கள்; மிச்சம் இருந்த இடத்தில் சிவப்பு எழுத்தில் தலைப்பைப் போட்டுவிட்டீர்கள்.

இதைச் சொல்ல எனக்கும் பெரிய யோக்கியதை கிடையாது. சிவகாசியில் முப்பத்திரண்டு வருடம் ஆப்செட் மிஷின் ஓட்டியவன் நான். காலண்டர் படத்தில் கொஞ்சம் இடம் வெறுமனே இருந்தால் ஆர்டர் கொடுத்த கடைக்காரர் விடமாட்டார். ‘அந்த இடத்துக்கும் சேர்த்துத்தானே காசு கொடுக்கிறேன், இரண்டு ரோஜாப்பூ போடுங்கள்’ என்பார். போட்டிருக்கிறோம். மயில் தோகையின் மேலேயே ஜவுளிக்கடையின் போன் நம்பரை அடித்த பாவமும் என் கணக்கில் இருக்கிறது.

கோசோனை நான் பார்த்தது ஓய்வு பெற்ற பிறகுதான். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் தன்னிடமுள்ள அவருடைய படங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. பேத்தி கம்ப்யூட்டரில் திறந்து பெரிதாக்கிக் காட்டினாள். பழக்கதோஷம், நான் பறவையைப் பார்க்கவில்லை, ரெஜிஸ்டரைத்தான், அதாவது ஒவ்வொரு நிறமும் தன் இடத்தில் விழுந்திருக்கிறதா என்றுதான் பார்த்தேன். ஒரு நிறமும் மயிரிழைகூடத் தள்ளவில்லை.

‘கோசோன் வரைந்த ஓவியம்’ என்று படத்தின் கீழே போட்டிருந்தீர்களே, அது என் இரண்டாவது வருத்தம். அது ஓவியம் இல்லை, மர அச்சு. கோசோன் மெல்லிய தாளில் வரைந்து கொடுத்ததோடு சரி. அந்தத் தாளை மலைச்செர்ரிப் பலகையில் குப்புற ஒட்டி, கோட்டை மட்டும் நிறுத்தி மற்ற மரத்தைச் செதுக்கி எடுத்தவர் வேறொருவர். மூலப் படம் அந்த உளியோடு போயிற்று. அதன் பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலகை. அச்சடித்தவர் மூன்றாமவர். இவர்களையெல்லாம் கட்டி மேய்த்துப் பணமும் போட்டவர் பதிப்பாளர். 1926 முதல் கோசோனுக்கு அப்படி வாய்த்தவர் டோக்கியோவின் வதனபே ஷோசபுரோ. அந்தப் படங்களில் கோசோனின் கையெழுத்து ‘ஷோசோன்’ என்றிருக்கும். 1923 பூகம்பத் தீயில் வதனபேயின் கடையும் பலகைகளும் எரிந்து போயிருந்தன. எரிந்த இடத்தில் மறுபடி தொழிலை எடுத்து நிறுத்துவது என்னவென்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மிஷின் கிடையாது. பலகையில் தூரிகையால் நிறத்தைத் தடவி, ஈரத்தாளை மேலே வைத்து, முதுகுப்பக்கம் பரேன் என்ற வட்டக் கருவியால் தேய்ப்பார்கள். மூங்கில் மடலைப் போர்த்திக் கட்டியது அது. ஒவ்வொரு பலகையிலும் ஒரு மூலையில் ‘L’ எழுத்துப் போல ஒரு வெட்டு, சற்றுத் தள்ளி ஓரத்தில் நேராக இன்னொரு வெட்டு. கெந்தோ என்று பெயர். தாளை அந்த இரண்டிலும் அணைத்து வைத்தால் நிறம் தன் இடத்தில் விழும். எங்களுக்கு நாலு கலரை ஒட்ட வைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். ஐப்பசி மழை பிடித்தால் பேப்பர் ஈரம் குடித்து நீளும். அம்மனின் உதடு ஓரிடத்திலும் சிவப்பு ஓரிடத்திலுமாக வந்து நிற்கும். அவர்களோ ஈரத்தாளிலேயே பத்துத் தடவைக்கு மேல் அடித்தார்கள். கடைசி நிறம் விழும்வரை கட்டு முழுவதும் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும், காய்ந்தால் தாள் சுருங்கிவிடும். அந்த மனிதர்களின் கையைத் தொட்டுக் கும்பிடலாம்.

இத்தகைய படங்களில் வெண்பறவையின் வெள்ளை, இங்க் அல்ல, வெறும் தாள். சுற்றியுள்ள சாம்பலை அடித்துவிட்டுப் பறவையை மட்டும் விட்டுவைப்பார்கள். பலவற்றில், இறகு செதுக்கிய பலகைக்கு நிறமே தடவாமல் தாளை வைத்து அழுத்துவதும் உண்டு. கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையாரை எம்பாசிங் செய்கிறோமே, அதே வேலை. 1760களில் ஹருனோபு என்ற ஜப்பானியக் கலைஞரின் காலத்துப் படங்களிலேயே இருக்கிறது. தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் ஒவ்வொரு இறகும் எழுந்து வரும்.

ஐரோப்பாவில் பழைய ஜப்பானிய அச்சுப் படங்கள் செய்த மாற்றத்தைச் சொல்லவந்த கட்டுரையாளர் வான்கோவோடு நிறுத்திக்கொண்டார். 1887இல் வான்கோ பார்த்து வரைந்த, ஹிரோஷிகே என்ற ஜப்பானியக் கலைஞரின் படங்கள் ஒரு பிளம் தோட்டமும் மழையில் ஒரு பாலமும். அதில் பறவை எங்கே? பறவை போய்ச் சேர்ந்த இடம் சாப்பாட்டுத் தட்டு. 1866இல் பாரிசில் பிராக்மோன் என்ற அச்சுக் கலைஞர், ஹொக்குசாய், ஹிரோஷிகே போன்ற ஜப்பானியக் கலைஞர்களின் படங்களிலிருந்து சேவல், வாத்து, மீன், பூச்சியெல்லாம் எடுத்து, ரூசோ என்ற வியாபாரிக்காகப் பீங்கானில் ஏற்றினார். மறுவருடம் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவை வைக்கப்பட்டன. பறவை ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கும், மீதித் தட்டு வெள்ளையாகக் கிடக்கும். ஜப்பானியப் பறவையோடு அதைச் சுற்றியிருந்த வெற்றிடமும் சேர்ந்துதான் கப்பலேறியிருக்கிறது. அதைத்தான் நீங்கள் கத்தரித்தீர்கள்.

என் பழைய லென்ஸைத் தேடி எடுத்து உங்கள் கொக்கைப் பார்த்தேன். முதுகெல்லாம் மஞ்சள் புள்ளி. நியூஸ்பிரிண்டின் பழுப்புக்கு உங்களால் ஒன்றும் செய்ய முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொக்கின் உடம்பில் மட்டும் எந்த நிறத்தின் அச்சுப் பிளேட்டிலும் புள்ளி விழாமல் பார்த்துக்கொள்ள முடியும். பத்து நிமிட வேலை. அடுத்த முறை படத்தை முழுதாகப் போடுங்கள், தலைப்பு வெளியே இருக்கட்டும், கீழே ‘மர அச்சு’ என்று இரண்டு சொல் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆப்செட் மிஷின்மேன்,
சிவகாசி.