தவணை முடிவும் கலைவிழா நாடகமும்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

தவணை நல்லபடியாக முடிகிறது. பிள்ளைகள் தேர்வை நன்றாகச் செய்திருக்கிறார்கள், விளையாட்டுப் போட்டியும் மழையில்லாமல் நடந்தது, சிற்றுண்டி மேசையைக் கவனித்த எல்லோருக்கும் நன்றி. சரி, நாடகத்துக்கு வருகிறேன்.

மேல் வகுப்புப் பிள்ளைகள் கலைவிழாவில் ஆங்கில நாடகாசிரியர் பிரீஸ்ட்லியின் 'ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்' நாடகத்தில் சில காட்சிகளைத் தமிழில் நடிக்கிறார்கள். ஜிசிஎஸ்இ-க்கு (இங்கிலாந்தில் பதினாறு வயதில் எழுதும் பொதுத்தேர்வு) படிக்கிற நாடகம் என்று அவர்களே கேட்டு வாங்கியது. 1992-இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் இயக்குநர் ஸ்டீபன் டால்ட்ரி இதை மறுபடி மேடையேற்றினார், அது லண்டனின் ஒலிவியர் நாடக விருது வாங்கி, நியூயார்க் போய் அங்குள்ள டோனி நாடக விருதும் வாங்கியது. கதை நடப்பது 1912-இல். வாரக்கூலி 22 ஷில்லிங் 6 பென்ஸை 25 ஷில்லிங் ஆக்கச் சொல்லிக் கேட்டதற்காகத் தன் ஆலைத் தொழிலாளி ஈவா ஸ்மித்தை வேலையை விட்டு அனுப்புகிறார் முதலாளி பர்லிங். அன்று ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ், ஆக வித்தியாசம் இரண்டரை ஷில்லிங்! பிறகு கிடைத்த கடை வேலையும் போய், கடைசியில் உதவி கேட்டுப் போன தரும சங்கத்தில் பர்லிங்கின் மனைவியே அவளுக்குக் கையை விரிக்கிறார்.

இப்படிப்பட்ட நாடகத்துக்குத்தான், வேஷம் பிரித்த அன்று இரவிலிருந்து ஆசிரியைக்கு போன் மேல் போன். பர்லிங் வீட்டு வேலைக்காரி எட்னா வேஷத்தை யாருக்குக் கொடுத்தாலும் அடுத்த வாரம் "வீட்டில் வேண்டாமென்கிறார்கள் மிஸ்" என்று பிள்ளை வந்து நிற்கிறது. (மேடைக்கே வராத ஈவாவின் வேஷத்தையும் ஒருவர் கேட்டார், அது வேறு கதை.) உங்கள் ஆசை புரிகிறது, பிள்ளை நடுவில் நின்று பேச வேண்டும் என்று எந்தப் பெற்றோருக்குத்தான் இருக்காது? ஆனால் இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார் என்று உள்ளே வந்து சொல்வதே எட்னாதான், டால்ட்ரியின் மேடையில் அவள் பெரும்பாலும் நம் கண்முன்னேயே இருப்பாள். அப்புறம், இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பெட்ரோல் ஷெட்டிலும் ஹோட்டல் சமையலறையிலும் நின்றவர்கள் நம்மில் எத்தனை பேர்?

உடை விஷயமும் இருக்கிறது. பர்லிங் குடும்பத்துக்கென்று சில வீடுகளில் விலை உயர்ந்த கவுன் வாங்கியாயிற்றாம். அதைப் பார்த்துவிட்டு இன்னொரு பிள்ளை, "நானும் வாங்கத்தான் வேண்டுமா, அப்பாவிடம் இப்போது கேட்க முடியாது" என்று ஆசிரியையிடம் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறது.

ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வேஷங்கள் இனி மாறாது. உடை எல்லோருக்கும் பாடசாலையே தரும், வாங்கியதைத் தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆசிரியையை இரவில் அழைக்க வேண்டாம், என்னிடம் பேசுங்கள்.

யார் வீடென்று நான் பெயர் சொல்லப் போவதில்லை, யாரும் கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். சனிக்கிழமை தவறாமல் பிள்ளைகளை அழைத்துவந்து, ஒத்திகை முடியும்வரை குளிரில் காரில் காத்திருக்கிறீர்களே, அதற்கு மனமார்ந்த நன்றி. அடுத்த ஒத்திகைக்கு நான்கைந்து தட்டும் கண்ணாடி கிளாஸ்களும் தேவை, வீட்டில் இருந்தால் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்