வரைவுக்குக் கணினி, மதிப்பெண்ணுக்கு ஆசிரியர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பல்கலைக்கழக மாணவர்களின் கட்டுரைகளைக் கணினியே படித்துக் குறை நிறை சொல்லலாமா என்ற பேச்சு வந்தாலே, ஆசிரியர் வேலை போய்விடுமா என்பதிலேயே விவாதம் சுற்றுகிறது. பல வருடமாகக் கட்டுரை திருத்துகிறேன், எனக்கு அந்தப் பயம் இல்லை. 60 கட்டுரைகளோடு உட்கார்ந்தால் முதல் பத்துக்கு ஓரமெல்லாம் எழுதுகிறேன், நாற்பதைத் தாண்டும்போது 'நன்று', 'விளக்கம் போதாது' என்பதோடு கை ஓய்ந்துவிடுகிறது, அதுவும் மாணவர் கைக்குப் போவதற்குள் அவர் அடுத்த கட்டுரையை அதே தவறோடு எழுதி முடித்திருப்பார். இங்கேதான் கணினி வேண்டும். மேற்கோளுக்கு மூலம் இல்லை, இந்தப் பத்தி முந்தையதையே திரும்பச் சொல்கிறது என்று வரைவு எழுதிய இரவே தெரிந்தால் திருத்த நேரம் இருக்கும்.

மதிப்பெண் வேறு விஷயம். 1966இலேயே அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் எல்லிஸ் பேஜ் கணினியால் கட்டுரை திருத்தலாம் என்றார். அவருடைய நிரல் எண்ணியது கட்டுரையின் நீளம், சொல்லின் நீளம், காற்புள்ளி போன்றவற்றைத்தான். 2014இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெஸ் பெரல்மன் மாணவர்களோடு சேர்ந்து, பொருளே இல்லாமல் பெரிய பெரிய சொற்களைக் கோத்துத் தரும் 'பேபல்' என்ற நிரலை உருவாக்கினார், அந்தக் கட்டுரைகளுக்கும் திருத்தும் மென்பொருள் உயர்ந்த மதிப்பெண் போட்டது.

இன்றைய செயற்கை நுண்ணறிவு எவ்வளவோ முன்னேறிவிட்டது, சரி. ஆனால் என் மாணவி ஒருத்தி, இரண்டு மாற்றங்கள் ஒரே காலத்தில் நடந்ததை வைத்து, ஒன்றால்தான் மற்றது வந்தது என்று எழுதியிருந்தாள். 'வாதம் தெளிவு, இணைப்புச் சொற்கள் சிறப்பு' என்றது கணினி. நான் அவள் எழுதிய 'ஆகவே'யை வட்டமிட்டு 'எப்படி?' என்று மட்டும் கேட்டிருந்தேன். மறுநாள் வந்து அரை மணி நேரம் என்னோடு வாதாடினாள், அப்புறம் அந்தப் பத்தி முழுவதையும் அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். அந்த அரை மணி நேரம்தான் எங்களுக்குக் கிடைப்பதே இல்லை.

கணினியின் கருத்து வரைவோடு நிற்கட்டும், அதில் மதிப்பெண் வேண்டாம். எது மென்பொருள் சொன்னது, எது ஆசிரியர் எழுதியது என்பதும் மாணவருக்குத் தெரியட்டும். நிர்வாகத்தினரிடம் ஒரு வேண்டுகோள்: இதனால் மிச்சமாகும் நேரத்தைக் காட்டி இன்னொரு 60 கட்டுரைகளை எங்கள் மேசையில் வைக்காதீர்கள், மாணவரை எதிரே உட்காரவைத்துப் பேச விடுங்கள்.

இப்படிக்கு,
கல்லூரி ஆசிரியை ஒருவர்