எண்ணெய் படிந்த வயலை மண்ணோடு மீட்க வேண்டும்

ஐயா,

எங்கள் டெல்டாவில் குழாய் உடைந்து கச்சா எண்ணெய் வயலில் பரவினால், மேல்மண்ணை வழித்தெடுத்து இழப்பீடு கொடுப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. வழித்த மண் எங்கே போகிறது என்று யாரும் சொல்வதில்லை. பக்கத்து வயலில் அப்படி மண் வழித்த இடத்தில் நாற்று இன்னும் தேறவில்லை.

டில்லியின் டெரி (TERI) ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'ஆயில்ஜாப்பர்' பாக்டீரியாக் கலவை அசாம், குஜராத் எண்ணெய்க் கழிவுகளில் பயன்பட்டிருக்கிறது. தூவிவிட்டுப் போனால் ஆகாது. அந்த நுண்ணுயிர்கள் எண்ணெயைத் தின்ன காற்று, ஈரம், தழைச்சத்து, மணிச்சத்து எல்லாம் வேண்டும். அடிக்கடி உழ வேண்டும். அப்புறம் வெட்டிவேர் நட்டால் வேரைச் சுற்றி அவை பெருகும். மாதக்கணக்கில் ஆகும், சரி. ஆனால் தலைமுறைகள் பண்படுத்திய வண்டல் நம்மிடமே இருக்கும்.

இழப்பீட்டு உத்தரவிலேயே இந்தச் சீரமைப்பையும், மறுபடி விதைக்கும் முன் மண் பரிசோதனையையும் மாவட்ட நிர்வாகம் கட்டாயமாக்க வேண்டும்.

– ஒரு நெல் விவசாயி, திருவாரூர் மாவட்டம்